பயப்படுகிறவருக்கு ஏற்ற சாதுவான குதிரையைத் தேடுவது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையோரத்தில் குதிரை வாங்கப் போனால், விற்பவர் எவராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சின்னப் பிள்ளைகூட ஏறும்" என்ற சொல்தான். என் அக்கா மகளுக்காக முதன்முதலில் குதிரை தேடியபோது நான் அந்தச் சொல்லை அப்படியே நம்பினேன். அவளுக்குச் சவாரி கற்க வேண்டும் என்ற ஆசை பெரிது. பயம் அதைவிடப் பெரிது. நான் வாங்கி வந்த வெள்ளைக் குதிரை, கட்டிய இடத்தில் சிலைபோல் நின்றது. ஒன்பதாம் நாள் மாலை, அவள் அதன்மேல் இருந்தபோது, பக்கத்துத் தெருவில் முளைப்பாரி ஊர்வலம் புறப்பட்டு உறுமி மேளம் ஒலித்தது. அடுத்த நொடியே அக்குதிரை கழுத்தை வளைத்து, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடத் தொடங்கிவிட்டது. ஊர்வலங்களுக்காகப் பழக்கப்பட்ட குதிரை அது. மேளம் கேட்டால் ஆட வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அது கற்றதைச் செய்தது. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஏழு மாதம் அவள் குதிரைக் கொட்டில் பக்கமே வரவில்லை. விசாரிக்காமல் வாங்கியது என் பிழை.

சரியான குதிரையைக் கண்டுபிடிக்க அதன்பின் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கீழக்கரை, ஏர்வாடி, உச்சிப்புளி, இராமேசுவரம், தொண்டி என்று கரையோரம் முழுவதும் அலைந்தோம். பார்த்த குதிரைகளில் பெரும்பாலானவற்றை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, இதே தேடலில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயமே இல்லாத குதிரை என்று ஒன்று கிடையாது. இரையாகும் விலங்காகப் பிறந்த குதிரைக்கு ஏறத்தாழ 350 பாகை அளவுக்குத் தன்னைச் சுற்றிப் பார்க்கும் கண்ணமைப்பு இருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குத் தெரியாத இடங்கள். புரியாத ஒன்றைக் கண்டால் முதலில் ஓடி, பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ஆகையால் ஒரு குதிரை மிரளுமா என்று கேட்பதில் பயனில்லை. மிரண்டபின் எத்தனை எட்டு வைத்து நிற்கிறது, எத்தனை நொடியில் பழைய நிலைக்கு வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த எண்ணிக்கையைச் சரியாக எடுப்பதற்கான வழிகள்தாம்.

ஏறப்போகிறவரிடம் முதலில் பேசுங்கள்

"பயமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாமல், எதற்குப் பயம் என்று ஏறப்போகிறவரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். சிலருக்கு உயரம் பயம். சிலருக்குக் கடியும் உதையும் பயம். ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடியும் விழுவோமோ என்பதே பயம். என் அக்கா மகள் சொன்ன பதில் எங்கள் தேடலையே மாற்றியது. "மாமா, அது ஓடுறதுகூடப் பரவாயில்ல. நிறுத்தச் சொன்னா நிக்காதோன்னுதான் பயம்" என்றாள். அன்றிலிருந்து அழகையும் நடையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சொன்னவுடன் நிற்கும் குதிரையை மட்டும் தேடினோம். உயரத்துக்குப் பயப்படுகிறவராக இருந்திருந்தால் தேட வேண்டியது வேறு குதிரையாக இருந்திருக்கும்.

பயந்தவரின் உடல் குதிரைக்கு என்ன சொல்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். பயம் வந்தால் மனிதர் முன்னால் குனிவார், தொடைகளை இறுக்குவார், கடிவாள வாரைப் பிடித்து இழுப்பார். குனிவதும் தொடை இறுக்கமும் குதிரைக்கு "போ" என்ற கட்டளைகள். வாரை இழுப்பது "நில்" என்ற கட்டளை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கூருணர்வு கொண்ட குதிரை குழம்பித் துள்ளும். சுவீடனில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குதிரையைப் பிடித்து நடத்துபவரிடமும் ஏறியவரிடமும் "இம்முறை குடை விரியும்" என்று சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை என்றாலும், அதை எதிர்பார்த்த மனிதருக்கு மட்டுமின்றிக் குதிரைக்கும் இதயத்துடிப்பு உயர்ந்தது. நமக்கு வேண்டியது, மேலே இருப்பவர் பதறும்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத குதிரை. இளம் குதிரைகளில் இது அரிது.

எடையையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு 60 கிலோதான் உச்ச அளவு, அதுவும் சேணத்தோடு சேர்த்து. முதுகு வலிக்கும் குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒரு நாள் உதறும்.

இந்தப் பகுதியில் கிடைக்கும் குதிரைகள்

நம் கரையோரத்தில் விற்பனைக்கு வரும் குதிரைகளை அவற்றின் பழைய வேலையை வைத்துப் பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது. இனத்தைவிடப் பழக்கமே குதிரையின் குணத்தை அதிகமாகக் காட்டும்.

இராமேசுவரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் ஜட்கா வண்டிகள், ஆட்டோக்கள் பெருகியபின் குறைந்துவிட்டாலும், அந்த வேலையில் பழகிய குதிரைகள் இன்னும் கைமாறுகின்றன. பேருந்து ஒலிப்பான், கோயில் வாசல் நெரிசல், தெருநாய் என்று எல்லாவற்றையும் பார்த்தவை இவை. நிற்கச் சொன்ன இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும். பயப்படுகிறவருக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் வண்டிக் குதிரை பெரும்பாலும் கண்மறைப்புப் போட்டே ஓடியது. தனக்குப் பின்னால் நடப்பதை அது பார்த்ததே இல்லை. கண்மறைப்பை எடுத்துவிட்டு, முதுகின்மேல் ஓர் ஆளை ஏற்றினால், கண்ணோரத்தில் ஒரு கால் அசைவது அதற்குப் புதிய அனுபவம். எனவே வண்டியில் பழகியபின் சேணத்திலும் குறைந்தது ஓராண்டாவது பழகிய குதிரையாகத் தேடுங்கள். தார்ச்சாலையில் ஓடி ஓடி முன்னங்கால் மூட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் கவனியுங்கள். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது இத்தகைய ஒரு செவலைப் பெட்டைதான்.

ஊர்வலக் குதிரையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். திருமண ஊர்வலம், சந்தனக்கூடு, கோயில் விழா என்று நம் பகுதியில் மேளம் ஒலிக்காத மாதம் இல்லை. அந்த ஒலிக்கு ஆடும் குதிரையைத் தொடக்கநிலையாளருக்குத் தரவே கூடாது. வண்டிப் பந்தயத்தில் ஓடிய குதிரைக்குப் பின்னால் இன்னொரு குளம்பொலி கேட்டால் போதும், அது நாலுகால் பாய்ச்சலில் போய்விடும். பெருநகரப் பந்தயத் திடல்களிலிருந்து ஓய்வு பெற்றுக் குறைந்த விலைக்கு வரும் உயர்சாதிக் குதிரைகள் பெரும்பாலும் ஐந்தடிக்கு மேல் உயரமானவை. வாரை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடப் பழகியவை. நிறுத்துவதற்காக வாரை இழுக்கும் பயந்த கைக்கு இதைவிடப் பொருந்தாத குதிரை வேறில்லை. பல ஆண்டுகள் மறுபயிற்சி பெற்றவை விதிவிலக்கு.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு இங்கிருந்தும் பலர் போகிறார்கள். காது நுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளையும் வெள்ளை நுக்ராக்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். போங்கள், பாருங்கள், கண்ணைப் பழக்குங்கள். ஆனால் பயப்படுகிறவருக்கான குதிரையைச் சந்தையில் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பயணக் களைப்பும் கூட்டமும் சேர்ந்த அந்த இடத்தில் எந்தக் குதிரையின் இயல்பும் வெளியே தெரியாது. மறுநாள் திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

வயது, பால், சுழி

எட்டு முதல் பதினாறு வயதுக்குள் தேடுங்கள். ஐந்து வயதில் குதிரையின் வெட்டுப்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். மேல்வரிசையின் ஓர வெட்டுப்பல்லில் சுமார் பத்து வயதில் ஈறையொட்டி ஒரு பழுப்புக் கோடு தொடங்கி, பதினைந்தில் பல்லின் பாதிக்கு வரும், இருபதில் நுனியை எட்டும். இது துல்லியமான கணக்கன்று. ஆயினும் "ஏழு வயது" என்று சொல்லப்படும் குதிரையின் பல்லில் அந்தக் கோடு பாதி தூரம் இறங்கியிருந்தால், சொல்பவரின் மற்ற சொற்களையும் எடைபோட்டுப் பார்க்கலாம். நல்ல காலும் பற்களும் உள்ள பதினெட்டு வயதுக் குதிரையைக்கூட நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

காயடித்த ஆண் குதிரை மிகப் பொருத்தமானது, ஆனால் நம் பக்கத்தில் அரிதாகவே கிடைக்கும். பெட்டைக் குதிரை நல்லது. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்போது சில நாள் எரிச்சல் காட்டக்கூடும் என்பதால், அந்த நாட்களில் எப்படி இருக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு அன்பாக இருந்தாலும் வேண்டாம். ஒரு பெட்டையின் வாசம் காற்றில் வந்தால் அது மேலே இருப்பவரை மறந்துவிடும். உயரம் நாலரை அடியிலிருந்து நாலே முக்கால் அடிக்குள் இருந்தால், ஏறி இறங்கும்போது பயம் பாதியாகக் குறையும்.

குதிரையின் உடலில் உள்ள மயிர்ச்சுழிகளைக் கொண்டு நல்லது கெட்டது சொல்லும் சுழி பார்ப்பதைப் பற்றிப் பேசாமல் இங்கே குதிரை வாங்க முடியாது. சுழி சுத்தமான குதிரைக்கு ஒரு விலை, நான்கு கால்களும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணிக்கு ஒரு விலை என்று சந்தையே அதன்மேல்தான் நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சுழி பார்க்க விரும்பினால் மறுக்க வேண்டியதில்லை. அது அவர்கள் நம்பிக்கை. ஆனால் சுழி சுத்தம் என்பதற்காக ஒரு படபடப்பான குதிரையை ஏற்றுக்கொள்ளவோ, சுழி சரியில்லை என்பதற்காக ஒரு பொறுமையான குதிரையைத் தள்ளவோ கூடாது. நாங்கள் வாங்கிய செவலைக்குச் சுழி சரியில்லை என்று மூன்று பேர் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் அது எங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

பார்க்கப் போகும் நாள்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். குதிரை ஏற்கெனவே சேணம் கட்டி நின்றால், சேணத்தை அவிழ்க்கச் சொல்லி முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ, காய்ந்த வியர்வையின் உப்புக் கோடோ இருந்தால், உங்களுக்காகவே அதை ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று பொருள். களைத்த குதிரை எல்லாமே சாதுதான்.

அது கட்டுத்தறியில் நிற்பதை, தீவனம் வைக்கும்போது காட்டும் முகத்தை, தலைக்கயிறு மாட்டும்போது தலையைத் தாழ்த்துகிறதா உயர்த்துகிறதா என்பதை, எல்லாம் ஒதுங்கி நின்று பாருங்கள். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லுங்கள். வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்துக் கடிக்கத் திரும்பும் குதிரைக்கு, பெரும்பாலும் முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கும். ஏறுவதற்கு ஒரு கல்லோ முக்காலியோ வைத்து, அதன் பக்கத்தில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பயப்படுகிறவருக்கு மிக மோசமான நொடி, ஒரு கால் அங்கவடியிலும் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) மறு கால் காற்றிலும் இருக்கும் அந்த நொடிதான். அப்போது நகரும் குதிரை, மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும், வேண்டாம்.

பிறகு விற்பவரையே முதலில் ஏறச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அவர் ஏறி நடத்தி, துள்ளுநடையில் ஓட்டி, நிறுத்திக் காட்ட வேண்டும். கொட்டிலை விட்டு விலகிப் போகும்போதும் கொட்டிலை நோக்கித் திரும்பும்போதும் நடையின் வேகம் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வீடு திரும்பும் வழியில் இழுக்கும் குதிரைகள் பல. அடுத்து, சவாரி நன்றாகத் தெரிந்த நம் ஆள் ஒருவர் ஏற வேண்டும். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகவும் அது போகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பயப்படுகிறவர் முதல் நாளில் ஏறவே வேண்டாம். கயிற்றைப் பிடித்து நடத்தி, கழுத்தைத் தடவி, மூச்சை உணர்ந்தால் போதும்.

மிரட்சியை எண்ணிப் பார்த்தல்

செவலையை நாங்கள் சோதித்த காலையைச் சொல்கிறேன். கரையில் வலை காயப்போட்டிருந்தார்கள். படகின்மேல் மூடிய நீலத் தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்திருந்தது. கயிறு என் கையில். காற்று ஒரு வீச்சு வீசியதும் தார்ப்பாய் படாரென்று அடித்தது. குதிரை தலையைத் தூக்கியது, இரு காதுகளும் படகை நோக்கி நிமிர்ந்தன, மூக்குத் துளைகள் விரிந்தன, பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தது. நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். நான்கு எண்ணியபோது ஒரு காது என் பக்கம் திரும்பியது. ஆறில் மூக்கின் வழியாக நீண்ட மூச்சு விட்டது. ஒன்பதில் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயை மெல்ல அசைத்தது. மறுபடியும் தார்ப்பாய் அடித்தபோது காது மட்டும் திரும்பியது, கால் அசையவில்லை. அதற்கு முந்திய வாரம் பார்த்த ஒரு கருப்புக் குதிரை, மிரண்டபோது ஓரடிகூட நகரவில்லை. ஆனால் ஒரு நிமிடம் கழிந்தும் கழுத்து மரம்போல் விறைத்திருந்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது. நகராததை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கருப்பையே வாங்கியிருப்போம். அசையாமல் பயத்தை உள்ளே சேர்த்துவைக்கும் குதிரை, பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கும்.

இந்தச் சோதனையைப் பாதுகாப்பான தூரத்தில், ஆள் மேலே இல்லாமல், தெரிந்தவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வேண்டுமென்று பட்டாசு வெடிப்பதும் துணியை முகத்தில் வீசுவதும் கொடுமை. நம் கரையே தேவையான அளவுக்குச் சோதனைகளைத் தந்துவிடும்: நாய்க்கூட்டம், டீசல் என்ஜின் வைத்த வள்ளம், பனையோலைச் சலசலப்பு, பின்வாங்கும் அலையின் நுரைக்கோடு. உச்சிப்புளிப் பக்கம் வசிக்கிறவர்களுக்குக் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால், தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் குதிரை பழகியிருக்க வேண்டும்.

வெளியூரார் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாட்களில் துறைகளில் அரவம் குறைந்து, குதிரைகளும் அடக்கமாகத் தெரியும். மே மாதத்தில் பிடித்துப்போன குதிரையை, தடை முடிந்து படகுகள் புறப்படும் ஜூன் பிற்பகுதியில் மறுபடி போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பொய்யான அமைதி

மாணிக்கவாசகருக்காக இறைவன் கொண்டுவந்த பரிகள் இரவில் பாண்டியன் லாயத்தில் நரிகளாக மாறிய திருவிளையாடலை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. பகலில் பரியாக நின்று, வீட்டுக்கு வந்தபின் வேறாக மாறும் குதிரைகளை நான் கண்டிருக்கிறேன். அவற்றின் மாற்றத்துக்குக் காரணம் பசி, நோய், களைப்பு, ஊசி ஆகிய நான்கில் ஒன்று.

விலா எலும்பு துருத்திய குதிரை சாதுவாக இருப்பது தெம்பில்லாமையால். நன்றாகத் தின்று இரண்டு மாதம் ஆனபின்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். ஈறு வெளுத்திருந்தாலோ, ஈறை விரலால் அழுத்தி எடுத்தபின் சிவப்பு திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆனாலோ உடல்நலம் சரியில்லை. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், உடல் வெப்பம் 37.2 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரையும் இருக்க வேண்டும்.

மயக்க ஊசி போட்ட குதிரைக்குக் கீழுதடு தொங்கும், இமை பாதி மூடியிருக்கும், கண்ணின் உள்மூலையில் உள்ள சவ்வு வெளித்தெரியும், ஆண் குதிரையாக இருந்தால் குறி தொங்கியபடி இருக்கும், திரும்பும்போது பின்கால் தடுமாறும். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். அதைவிட எளிய வழி, மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு நேரங்களில் போவது. அதில் ஒரு முறையாவது சொல்லாமல் போவது. மூன்று முறையும் ஒரே மாதிரி இருக்கும் குதிரையை நம்பலாம்.

மருத்துவரை அழைத்துச் செல்லுங்கள்

ஆடுமாடுகளை மட்டும் பார்த்துப் பழகியவராக இல்லாமல், குதிரைகளைப் பார்த்த அனுபவம் உள்ள கால்நடை மருத்துவராக இருந்தால் நல்லது. திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். கடினத் தரையில் துள்ளுநடை ஓட்டி நொண்டலைப் பார்க்க வேண்டும். மணலில் சிறு நொண்டல் தெரியாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம். கிளாண்டர்ஸ் உறுதியானால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான சோதனை வசதி உண்டு. டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்றும் கேளுங்கள். சீமைக்கருவேல முள் குத்தாத குளம்பு இந்த மாவட்டத்தில் இல்லை.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். மணல்தரையில் தீவனம் போட்டு வளர்த்த குதிரையின் குடலில் மணல் சேர்ந்து, கடும் வயிற்றுவலி வரும். மெல்லிய வலி நாள்தோறும் இருந்தால் குதிரை முரடாகவும் மாறும். தரையில் படாத ஐந்தாறு லத்தி (சாண) உருண்டைகளை எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கரைத்து, கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் படிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேரமும் பரீட்சைக் காலமும்

முழு விலையையும் கொடுக்காமல், முன்பணம் கொடுத்து ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளும் விற்பனையாளரைத் தேடுங்கள். கிடைப்பது கடினம், ஆனால் கிடைத்தால் அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பது தெளிவு. விற்பனைக் கடிதத்தில் வயது, முன்பு செய்த வேலை, ஊசி மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்ற உறுதி, எந்தக் காரணத்துக்குத் திருப்பித் தரலாம், யார் பொறுப்பில் மருத்துவச் செலவு ஆகியவற்றை எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வாங்கும் தொகையைவிட அதை வைத்துக் காப்பாற்றும் செலவே காலப்போக்கில் பெரிதாகும் என்பதால், மாத வாடகைக்கு எடுத்துப் பழகுவதையும் யோசிக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின்

புதிய இடத்துக்கு வந்த குதிரைக்கு இரண்டு வாரம் வேண்டும். அதுவரை கயிற்றில் நடத்துங்கள், தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், ஏற வேண்டாம். அதன் பழைய வீட்டில் தின்ற தீவனத்தையே கொடுத்து, மெல்ல மெல்ல மாற்றுங்கள். கொள்ளுத் தானியத்தை அள்ளிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேலை குறைந்த குதிரைக்கு அது தேவையில்லாத துடிப்பைக் கொடுத்து, சாதுவான குதிரையையும் மாற்றிவிடும். புல்லே முதன்மை உணவாக இருக்க வேண்டும், தொட்டியில் வைத்துத் தர வேண்டும். பாண்டியர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழி வாங்கிய குதிரைகள் பேணத் தெரியாமையால் மாண்டுபோயின என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அவித்த சோற்றைத் தின்னக் கொடுத்ததும் அவர் குறித்த காரணங்களுள் ஒன்று. தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். கிணற்று நீர் உப்புக் கரித்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வாளியில் எவ்வளவு குறைந்தது என்று நாள்தோறும் பாருங்கள். கொட்டிலருகே அரளிச் செடி இருந்தால் வெட்டிவிடுங்கள். சில இலைகளே உயிரைப் போக்கும்.

முதல் சவாரிகளுக்குக் காலை ஆறு மணிக்கு, காற்று எழுமுன், ஈரம் இறுகிய மணலைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த ஆழ்மணல் குதிரையின் கால் தசைநாண்களை வருத்தும். ஆண் கடல் என்று நம்மவர் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைவிட, பெண் கடலான பாக் விரிகுடாக் கரையில் அலை குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில் மட்டும் அதுவும் கொந்தளிக்கும். தாடைவார் உள்ள சவாரித் தலைக்கவசமும், சிறு குதிகால் உள்ள காலணியும் இல்லாமல் ஏற விடாதீர்கள். வெறுங்காலும் செருப்பும் அங்கவடிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். அங்கவடி, காலணியைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். முதல் மாதம் முழுவதும் வேறொருவர் கயிற்றைப் பிடித்து உடன் நடக்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த ஒரே பயிற்சி, முப்பது எட்டுக்கு ஒருமுறை நிறுத்துவது. மூச்சை விட்டு, பின்னால் சாய்ந்து, "நில்லு" என்று சொல்லி, வாரின்மேல் விரல்களை மெல்ல மூடுவாள்; செவலை நிற்கும்; கழுத்தைத் தட்டிவிட்டு மறுபடி நடப்பாள். ஒவ்வொரு காலையும் இருபது முறை இப்படி நின்றார்கள். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், நான் நடந்துகொண்டிருந்தபோது கயிறு தளர்ந்து இழுபடுவதைக் கண்டு திரும்பிப் பார்த்தேன். அவளே நிறுத்தியிருந்தாள். "கயித்த அவுத்துருங்க மாமா" என்றாள்.